ரத்தம் எந்த உறைக்கு அடியில் நிற்கிறது?

தலையில் அடிபட்ட இருவருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இருவருக்குமே "தலைக்குள் ரத்தக்கட்டு" என்றார்கள். ஒருவரை அப்போதே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். மற்றவரை ஒருநாள் வைத்திருந்துவிட்டு, "சில நாள் கழித்து மறுபடி ஸ்கேன் எடுப்போம்" என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். முதலாமவரின் ரிப்போர்ட்டில் இ.டி.எச். (எபிடியூரல் ஹெமடோமா), மற்றவருடையதில் எஸ்.டி.எச். (சப்டியூரல் ஹெமடோமா). இரண்டுக்கும் என்ன வித்தியாசம், சிகிச்சை ஏன் இப்படி நேர் எதிராக இருக்கிறது என்பது கேள்வி.

ரத்தம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், எந்த அடுக்கில் நிற்கிறது என்று கேட்க வேண்டும். அடுக்கு தெரிந்துவிட்டால் எந்தக் குழாய் கிழிந்தது, என்ன வேகத்தில் பெருகும், எங்கே முட்டி நிற்கும், கையில் எத்தனை நேரம் இருக்கிறது என்பதெல்லாம் பெரும்பாலும் தெரிந்துவிடும். இந்த இருவருக்குமே ரத்தம் மூளைக்குள் இல்லை. மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே இருக்கிறது. ஆகவே உறைகளிலிருந்து தொடங்குவோம்.

மண்டையோட்டைத் திறந்ததும் மூளை தெரிந்துவிடாது. முதலில் தெரிவது டியூரா என்ற வெளிறிய, தோல் மாதிரித் தடித்த உறை. முழுப்பெயர் டியூரா மேட்டர், லத்தீனில் அதற்குக் 'கடினமான தாய்' என்று பொருள். அரபு மருத்துவ நூல்களை லத்தீனில் பெயர்த்தபோது வந்த பெயர் அது. தமிழிலும் அதை ஒட்டி வன்றாயி, மென்றாயி என்று எழுதுவது உண்டு. டியூராவுக்கு இரண்டு படலம். வெளிப்படலம் மண்டையோட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எலும்புகள் சேரும் தையல் வரிகளில் இந்தப் பிடிப்பு மிக இறுக்கம். உட்படலம் சில இடங்களில் வெளிப்படலத்தை விட்டுப் பிரிந்து உள்நோக்கி மடிந்து, இடது வலது மூளைக்கு நடுவே ஒரு தடுப்பாகவும், பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவே ஒரு கூடாரமாகவும் நிற்கிறது. அப்படிப் பிரியும் இடங்களில் உண்டாகும் கால்வாய்களில்தான் மூளையின் அசுத்த ரத்தம் வடிந்து கழுத்துச் சிரைகளுக்குப் போகிறது.

டியூராவுக்கு அடியில் அரக்னாய்டு. மிக மெல்லியது, கண்ணாடித்தாள் போல ஊடே பார்க்கலாம். அதன் உட்புறத்திலிருந்து சிலந்தி இழைகள் போன்ற நார்கள் கீழே இறங்குவதால் அந்தப் பெயர். அந்த இழைகள் போய்ச் சேருவது பையா என்ற மூன்றாவது உறையில். பையா மூளையின் மேற்பரப்போடு ஒட்டி, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் இறங்கி ஏறுகிறது. அரக்னாய்டோ மடிப்புகளுக்குள் இறங்காமல் மேலேயே தாவிப் போய்விடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் மூளை-தண்டுவட நீர் நிற்கிறது. மூளைக்குப் போகும் பெரிய தமனிகளும் அந்த நீரில் நனைந்தபடியே ஓடுகின்றன.

உறைகளுக்கு நடுவே மூன்று 'இடைவெளிகள்' என்று படம் போட்டுக் காட்டுவார்கள். அது கொஞ்சம் ஏமாற்றும். உயிரோடு இருக்கும் நலமான மனிதரின் தலைக்குள் உண்மையான இடைவெளி ஒன்றே ஒன்றுதான், அரக்னாய்டுக்கு அடியில் நீர் நிற்கும் இடம். எலும்புக்கும் டியூராவுக்கும் நடுவே தலைக்குள் இடமே கிடையாது. (முதுகெலும்பில் உண்டு, அங்கே கொழுப்பு இருக்கிறது. பிரசவத்தில் எபிடியூரல் ஊசி போடுவது அங்கேதான்.) டியூராவுக்கும் அரக்னாய்டுக்கும் நடுவிலும் இடம் இல்லை, சரியாக ஒட்டாத ஒரு செல்வரிசை மட்டும் இருக்கிறது. ரத்தம் வந்து பிளந்தால்தான் இவை இடமாகின்றன. எலும்பிலிருந்து டியூராவை உரித்தெடுக்கப் பலமான அழுத்தம் வேண்டும். அந்தச் செல்வரிசையைப் பிளக்கச் சிரையின் மெல்லிய கசிவே போதும். எல்லா வேறுபாடும் இங்கிருந்து பிறக்கிறது.

நீரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரியவர் ஒருவருக்குத் தலையிலும் முதுகிலும் சேர்த்து எந்த நேரத்திலும் இருப்பது சுமார் 150 மில்லி. ஆனால் நாளொன்றுக்குச் சுரப்பது 500 மில்லிக்குப் பக்கம். மூன்று நான்கு முறை முழுசாகப் புதுப்பிக்கப்படுகிறது என்று அர்த்தம். மூளைக்கு உள்ளே இருக்கும் அறைகளில் சுரந்து, மூன்றாம் அறைக்கு வந்து, அங்கிருந்து மிகக் குறுகலான ஒரு வாய்க்கால் வழியாக நான்காம் அறைக்கு இறங்கி, அதன் துளைகள் வழியே வெளியே வந்து மூளையைச் சுற்றிப் பரவுகிறது. கடைசியில் உச்சியில் உள்ள பெரிய சிரைக் கால்வாயில் நீட்டிக்கொண்டிருக்கும் அரக்னாய்டு அரும்புகள் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. ஒரு பங்கு நிணநீர்க் குழாய்கள் வழியாகவும் போகிறது. 1,400 கிராம் மூளை இந்த நீரில் மிதப்பதால் அதன் எடை சுமார் 50 கிராம் அளவுக்குக் குறைந்துபோகிறது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்த பிறகு சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் நிம்மதி என்று வருவது இந்த மிதப்பு குறைந்து மூளை கீழே தொய்வதால்தான்.

இப்போது அழுத்தக் கணக்கு. மண்டையோடு மூடிய பெட்டி. உள்ளே ஏறக்குறைய எட்டு பங்கு மூளை, ஒரு பங்கு ரத்தம், ஒரு பங்கு நீர். புதிதாக ஒன்று உள்ளே வந்தால் இருப்பதில் ஏதாவது வெளியே போயாக வேண்டும். 1783-இல் மன்றோவும் 1824-இல் கெல்லியும் சொன்ன விதி இதுதான். முதலில் நீர் தண்டுவடப் பக்கம் இறங்கும், அடுத்து சிரை ரத்தம் பிழிந்து வெளியேறும். அதுவரை அழுத்தம் அதிகம் ஏறாது, நோயாளியும் பேசிக்கொண்டிருப்பார். அந்த இருப்பு தீர்ந்த கணத்திலிருந்து ஒவ்வொரு மில்லிக்கும் அழுத்தம் செங்குத்தாக ஏறும். "இப்போதுதான் நன்றாகப் பேசினார், பத்து நிமிடத்தில் இப்படி ஆகிவிட்டாரே" என்று உறவினர்கள் கலங்குவது இதைத்தான். பத்து நிமிடத்தில் எதுவும் புதிதாக நடக்கவில்லை. மணிக்கணக்கில் சேர்ந்தது அப்போதுதான் இருப்பைத் தாண்டியது.

இ.டி.எச்., அதாவது டியூராவுக்கு வெளியே தேங்கும் ரத்தத்துக்கு வருவோம். கன்ன எலும்பின் வளைவுக்கு இரண்டு விரற்கடை மேலே, கண்குழியின் வெளி விளிம்பிலிருந்து ஒரு கட்டைவிரல் அகலம் பின்னால் விரலை வைத்துப் பாருங்கள். பொட்டு என்கிறோமே, அந்த இடம். நான்கு எலும்புகள் அங்கே சந்திக்கின்றன. காய்ந்த மண்டையோட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், பொட்டுப் பக்கத்து எலும்பில் சில இடங்களில் வெளிச்சம் ஊடுருவும். அவ்வளவு மெல்லியது. அதே ஓட்டின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், வரைபடத்தில் ஆறு கிளை பிரிவதுபோல ஒரு பள்ளம் ஓடியிருக்கும். நடு மூளையுறைத் தமனி பதிந்திருந்த தடம் அது. பலருக்குப் பொட்டின் நேர் அடியில் அந்தத் தமனி எலும்புக்குள்ளேயே ஒரு குட்டிச் சுரங்கம் வழியாகப் போகிறது. எலும்பு விரிசல் விட்டால் தமனியும் கிழியும். அப்புறம் தமனியின் அழுத்தம் டியூராவை எலும்பிலிருந்து உரித்துக்கொண்டே போகும், தையல் வரியில் வந்து முட்டி நிற்கும். பக்கவாட்டில் போக முடியாத ரத்தம் உள்நோக்கிப் புடைக்கும். அதனால்தான் ஸ்கேனில் அது குவிலென்ஸ் வடிவில் தெரிகிறது.

இதில் பேர்போன அறிகுறி 'தெளிந்த இடைவேளை'. அடிபட்டவுடன் அதிர்ச்சியில் மயங்குவார், தெளிந்து எழுந்து பேசுவார், சில மணி நேரத்தில் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், பிறகு நினைவிழப்பு. எல்லோருக்கும் இப்படி வருவதில்லை, பாதிப் பேருக்கு மேல் இந்த வரிசை இருப்பதே இல்லை. ஆகவே "இடையில் தெளியவில்லை, அதனால் இ.டி.எச். இல்லை" என்று நினைப்பது தப்பு. அழுத்தம் முற்றும்போது பொட்டுப் பகுதி மூளையின் உள்விளிம்பு கூடாரத்தின் ஓரம் வழியாகக் கீழே பிதுங்கி, அங்கே போகும், கண்ணை இயக்கும் மூன்றாம் நரம்பை நசுக்கும். அதே பக்கத்துக் கண்பாவை விரிந்து, டார்ச் அடித்தாலும் சுருங்காமல் நிற்கும். எதிர்ப்பக்கத்துக் கைகால் வலுவிழக்கும். அதற்கும் மேலே போனால் ரத்த அழுத்தம் ஏறும், நாடித்துடிப்பு இறங்கும், மூச்சு ஒழுங்கு கெடும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் மூளைத்தண்டு நசுங்குகிறது என்று பொருள்.

ரத்தக்கட்டு 30 மில்லிக்கு மேல் இருந்தால், நோயாளி பேசிக்கொண்டிருந்தாலும் ஆபரேஷன் என்பது வழக்கமான வழிகாட்டுதல். 30-க்குக் கீழே, தடிமன் 15 மில்லிமீட்டருக்குக் கீழே, நடுக்கோடு விலகல் (மூளையின் நடுக்கோடு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்ட தூரம்) 5 மில்லிமீட்டருக்குக் கீழே, நினைவுநிலை அளவு (3 முதல் 15 வரை போடும் கிளாஸ்கோ மதிப்பெண்) 8-க்கு மேலே, கைகால் குறைபாடு இல்லை என்றால், நரம்பு அறுவை வசதி உள்ள இடத்தில் அடுத்தடுத்து ஸ்கேன் எடுத்துக்கொண்டு காத்திருக்கலாம். மில்லிக் கணக்கு போடுவது எளிது: ஸ்கேனில் கட்டியின் அதிகபட்ச நீளம், அதற்குக் குறுக்கே அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். 6, 3, 5 என்றால் 45 மில்லி. இது தியேட்டருக்குப் போக வேண்டிய அளவு.

தியேட்டரில் எலும்பை மூடிபோலத் திறந்து, ஈரல் துண்டு போல உறைந்திருக்கும் கட்டியை எடுத்து, கிழிந்த தமனியைச் சுட்டு அடைப்பார்கள். மண்டையின் அடித்தளத்தில் அது நுழையும் துளையிலேயே கசிந்தால் அந்தத் துளையை எலும்பு மெழுகு வைத்து அடைப்பதுண்டு. முடிக்கும் முன் டியூராவைச் சுற்றிலும் எலும்பு விளிம்போடு தையல் போட்டு இழுத்துக் கட்டுவார்கள். உரிந்த இடம் மறுபடி நிறையாமல் இருக்க அந்தத் தையல் முக்கியம். தனி இ.டி.எச். என்றால் கீழே உள்ள மூளைக்குப் பெரும்பாலும் காயமே இருக்காது. கண்பாவை விரிவதற்கு முன்னால் எடுத்துவிட்டால் பழைய மனிதராகவே திரும்புவார். அதனால்தான் அந்த அவசரம். மூளைக்குள் அழுத்தத்தைக் குறைக்கும் மான்னிட்டால் மருந்தை ஏற்றுவதும் தலையை 30 டிகிரி உயர்த்தி வைப்பதும் தியேட்டர் போய்ச் சேரும்வரை நேரம் வாங்கித் தருமே தவிர கட்டியைக் கரைக்காது. அறுபதைத் தாண்டியவர்களுக்கும் இரண்டு வயதுக்குக் கீழ்க் குழந்தைகளுக்கும் டியூரா எலும்போடு இறுகியிருப்பதால் இந்த வகை குறைவு.

எஸ்.டி.எச். என்பது டியூராவுக்கு உட்புறம். மூளையின் மேற்பரப்பிலிருந்து சிரைக் கால்வாய்க்குப் பாலம்போலப் போகும் சிரைகள் உள்ளன. தலை வேகமாகச் சுழன்றோ சட்டென்று நின்றோ போனால் மூளை ஒரு கணம் பின்தங்கும், அந்தச் சிரைகள் இழுபட்டு அறுந்துவிடும். இங்கே தையல் வரிகள் தடை இல்லை. ரத்தம் மூளைமேல் போர்வை மாதிரிப் பரவி ஸ்கேனில் பிறை வடிவில் தெரியும். நடுத்தடுப்பை மட்டும் தாண்டாது. அடிபட்ட உடனே வரும் எஸ்.டி.எச்.-இல் 10 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் அல்லது 5-க்கு மேல் நடுக்கோடு விலகல் என்றால் ஆபரேஷன். ஆனால் சிரையைக் கிழிக்கும் அளவு விசை மூளையையும் சிதைத்திருக்கும். கட்டியை எடுத்தாலும் அடியில் உள்ள காயம் வீங்கும், சில சமயம் எலும்பைத் திரும்ப வைக்காமல் வீக்கத்துக்கு இடம் விட வேண்டியிருக்கும். சிரையிலிருந்து வருவதால் இது லேசானது என்று எண்ண வேண்டாம். ஆபத்தில் இது இ.டி.எச்.-ஐ மிஞ்சியது.

நாட்பட்ட எஸ்.டி.எச். வேறு கதை. வயதானால் மூளை சுருங்குகிறது, பாலச் சிரைகள் விறைப்பாக நீண்டு நிற்கின்றன. வாசல்படியில் லேசாக இடித்துக்கொண்டது கூடப் போதும், பலருக்கு அடிபட்டதே நினைவிருக்காது. முதலில் கசிந்த ரத்தத்தைச் சுற்றி உடம்பு ஒரு சவ்வைக் கட்டுகிறது. அந்தச் சவ்வில் முளைக்கும் குட்டி ரத்தக்குழாய்கள் பலவீனமானவை. அவை கசிகின்றன, கசிந்தது சரியாக உறையாமல் கரைகிறது, மறுபடி கசிகிறது. மூன்று வாரம், ஆறு வாரம் கழித்து நடை தள்ளாடும், பேச்சு குழறும், பெயர் மறக்கும், ஒரு கை தளரும். வீட்டில் இதை "வயசாயிடுச்சு" என்றோ, மறதிநோய் என்றோ, பக்கவாதம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றுகிறது: சில வாரங்களுக்குள் புதிதாக வந்த தடுமாற்றமும் மறதியும் முதுமை அல்ல. ஒரு ஸ்கேன் எடுக்காமல் அதை முதுமை என்று முடிவு கட்டக்கூடாது.

ஸ்கேனிலும் இங்கே ஒரு பொறி உண்டு. புது ரத்தம் சி.டி.யில் வெள்ளையாகவும், மூன்று வாரத்துக்கு மேலானது மூளையைவிடக் கறுப்பாகவும் தெரியும். நடுவில் ஒன்றிலிருந்து மூன்று வாரம்வரை மூளையின் சாம்பல் நிறத்திலேயே கலந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் என்றால் நடுக்கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் அதுவும் இருக்காது. மூளை மடிப்புகள் ஓட்டின் விளிம்புவரை வருகின்றனவா என்று பார்ப்பதுதான் வழி.

இதற்கான சிகிச்சை பெரும்பாலும் ஒரு துளை அல்லது இரண்டு துளை. விரல் நுனி அளவுக்கு எலும்பைத் துளைத்து, டியூராவில் சிலுவைக் கீறல் போட்டதும், பழைய இன்ஜின் ஆயில் நிறத்தில் நீர் அழுத்தத்தோடு வெளியே வரும். உடல்சூட்டில் உள்ள சலைன் விட்டுத் தெளியும்வரை கழுவி, ஒரு குழாயை இரண்டு நாள் உள்ளே விட்டுவைப்பார்கள். அந்தக் குழாய் வீண் இல்லை. 2009-இல் வெளியான ஒரு சோதனையில் குழாய் வைத்தவர்களில் 9 சதவீதம் பேருக்கும் வைக்காதவர்களில் 24 சதவீதம் பேருக்கும் மறுபடி ரத்தம் சேர்ந்து திரும்ப ஆபரேஷன் தேவைப்பட்டது. ஸ்டீராய்டு மாத்திரையால் கரைக்கலாம் என்ற நம்பிக்கை நெடுநாள் இருந்தது. 2020-இல் வந்த டெக்சாமெத்தசோன் சோதனையில் மறு ஆபரேஷன் குறைந்தாலும், ஆறு மாதம் கழித்து நோயாளிகளின் நிலை மாத்திரை எடுக்காதவர்களைவிட மோசமாகவே இருந்தது. சவ்வுக்கு ரத்தம் கொடுப்பதும் பொட்டின் அடியில் ஓடும் அதே நடு மூளையுறைத் தமனிதான். அதைக் குழாய் வழியாக உள்ளிருந்தே அடைக்கும் முறைக்கு 2024-இல் வந்த பெரிய சோதனைகள் சிலவற்றில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது.

மூன்றாவது எஸ்.ஏ.எச். (சப்அரக்னாய்டு ஹெமரேஜ்), அரக்னாய்டுக்கு அடியில் நீர் நிற்கும் இடத்திலேயே ரத்தம் கலப்பது. அடிபட்டு வருவதுதான் எண்ணிக்கையில் அதிகம், அதில் பெரும்பகுதி தானே வடிந்துவிடும். அடி இல்லாமல் வந்தால் கதை வேறு. அதில் 85 சதவீதம் மூளையின் அடியில் உள்ள தமனி வளையத்தில் ஒரு புடைப்பு வெடித்ததால் வருவது. தலைவலி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும். எவ்வளவு வலி என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் உச்சத்தைத் தொட்டது என்று கேட்பதுதான் பயன் தரும். கழுத்து விறைப்பு வரச் சில மணி நேரமாகும், ஆரம்பத்தில் இல்லை என்பதால் ஆறுதல் கொள்ளக்கூடாது. ஸ்கேனில் கட்டியாக எதுவும் தெரியாது. மூளைக்கு அடியில் கறுப்பாகத் தெரிய வேண்டிய நீர்த்தேக்கம் வெள்ளை நட்சத்திரம்போலத் தெரியும். முதல் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்த நல்ல சி.டி. ஏறக்குறைய எதையும் தவறவிடாது. நேரமாகிவிட்டு சி.டி. சுத்தமாக இருந்தால் முதுகில் நீர் எடுத்துப் பார்ப்பார்கள், அதுவும் 12 மணி நேரம் கழித்து. சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் நிறம் ஏற அவ்வளவு நேரம் வேண்டும். சிவப்பு மட்டும் இருந்தால் ஊசி குத்தியதால் வந்த ரத்தமாகவும் இருக்கலாம்.

இங்கே ரத்தம் நின்ற பிறகும் ஆபத்து முடிவதில்லை. முதல் 24 மணி நேரத்தில் மறுபடி வெடிக்கலாம், ஆகவே கிளிப் போட்டோ உள்ளே கம்பிச்சுருள் நிரப்பியோ புடைப்பைச் சீக்கிரம் அடைக்க வேண்டும். ரத்தம் அரக்னாய்டு அரும்புகளை அடைத்துவிட்டால் நீர் தேங்கி மூளையின் அறைகள் வீங்கும். நான்காம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை, நீரில் கரையும் ரத்தம் பட்டுத் தமனிகள் சுருங்கி மூளையின் ஒரு பகுதி பட்டினி கிடக்கலாம். தேறிவருகிறார் என்று நினைக்கும்போது ஏழாம் நாள் பேச்சு நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். நிமோடிபின் 60 மில்லிகிராம் நான்கு மணிக்கு ஒருமுறை 21 நாள் கொடுப்பது இதற்காகவே. ராத்திரி வேளையை "தூங்கட்டும்" என்று விடக்கூடாது.

கேள்வியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு இருந்தது அநேகமாகச் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள, நடுக்கோட்டை நகர்த்தாத, மறு ஸ்கேனில் பெருகாத எஸ்.டி.எச். அதைத் திறப்பதால் வரும் கேடு விட்டுவிடுவதைவிட அதிகம். ஆனால் அவரை முதல் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் தனியாக விடக்கூடாது. தூங்கலாம், கேட்டால் எழுந்து சரியாகப் பதில் சொல்ல வேண்டும். தலைவலிக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரூஃபென், மது கூடாது. ஒரு தடவைக்கு மேல் வாந்தி, கூடிக்கொண்டே போகும் வலி, எழுப்பக் கடினமான தூக்கம், குழம்பிய பேச்சு, வலிப்பு, கைகால் தளர்ச்சி, சமமில்லாத கண்பாவைகள், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல் இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைத்து விறைப்பாக இருந்தாலும் அப்படியே.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், அடி லேசாக இருந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று அதன்மேலேயே எழுதிவிடுங்கள். வார்ஃபரின் என்றால் வைட்டமின் கே-யும் உறைதல் காரணிகளின் செறிவும், டாபிகாட்ரான் என்றால் இடாருசிசுமாப் என்று ஒவ்வொன்றுக்கும் மாற்று மருந்து வேறு. எந்த மாத்திரை என்று தேடும் நேரத்திலும் உள்ளே கசிந்துகொண்டுதான் இருக்கும்.